ஹார்மோன் ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள்

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் 20 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். தேதி போடாத பில்லைப் பேரேட்டில் ஏற்ற மாட்டேன். என் மகனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், சுருக்கமாக சி.எஃப்.; சளியும் மற்ற சுரப்புகளும் கெட்டியாகிவிடும் பரம்பரை நோய். அவனுடைய ரிப்போர்ட்டுகளுக்கென்று கடையில் வாங்கும் அதே நீள நோட்டு ஒன்று வீட்டிலும் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஐந்து கட்டம் போட்டிருக்கிறேன்: டெஸ்டின் முழுப் பெயர், தேதி, ரத்தம் எடுத்த மணி, அன்று காய்ச்சலும் சளியும் எப்படி இருந்தன, என்ன மருந்து போய்க்கொண்டிருந்தது.

இந்த ஐந்தையும் கேட்காமல் எண்ணை மட்டும் பார்த்து நாங்கள் கிட்டத்தட்ட ஒரு வருடத்தை இழந்தோம். சி.எஃப். உள்ள பிள்ளையை வைத்திருக்கும் அம்மா அப்பாக்களும், வளர்ந்து தாங்களே லேபுக்குப் போகிறவர்களும் அப்படி இழக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். மருந்தின் அளவைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, அது டாக்டர் வேலை. டெஸ்ட்டுக்கு எப்படிப் போவது, எதைக் கேட்டு வாங்குவது, எந்த எண்ணை நம்புவது என்பது நம் வேலை.

இன்சுலினிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சி.எஃப்.-இல் நிறையப் பேருக்குக் குறைந்துபோகும் ஹார்மோன் அது. செல்லின் சவ்வில் குளோரைடு உப்பு போய்வர ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலைக் கட்டும் ஜீன் 1989-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது பழுதானால் உடம்பின் சுரப்புகள் கெட்டியாகிவிடுகின்றன. நுரையீரலில் சளி தேங்குவது நமக்குக் கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும். கணையத்தில் நடப்பது தெரியாது. அங்கே குழாய்கள் அடைத்து, திசு தழும்பாகி, கொழுப்பு ஏறி, செரிமான நீர் முதலில் போகிறது. என்சைம் கேப்ஸ்யூல் கொடுத்து அதைச் சமாளிக்கிறோம். அதே கணையத்துக்குள் தீவு தீவாக இருக்கும் இன்சுலின் செல்களும் வருடம் போகப் போகக் குறைகின்றன. சி.எஃப். உள்ள பெரியவர்களில் பாதிப் பேர் வரைக்கும் இப்படிச் சர்க்கரை நோய் வருகிறது, அதைத்தான் சி.எஃப். சர்க்கரை என்கிறேன். இது மாமனாருக்கு வந்த சர்க்கரையும் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் திடீரென்று வரும் முதல் வகையும் இல்லை. தனி ரகம்.

என் மகனுக்கு அப்போது 13 வயது. ஜூன் மாதம் தைத்த பள்ளிச் சட்டை மார்ச்சிலும் அப்படியே சரியாக இருந்தது. மற்ற அம்மாக்கள் கை நீளம் போதவில்லை என்று தையல்காரரிடம் போய்க்கொண்டிருந்தபோது, எனக்கு அந்தச் சட்டையை மடிக்கவே மனசு வரவில்லை. எடை 34 கிலோவில் எட்டு மாதமாக நின்றிருந்தது. நுரையீரல் பலம் பார்க்க ஊதும் டெஸ்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கம். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி டெஸ்ட், அதாவது ஹெச்பிஏ1சி எடுத்தார்கள். 5.5 வந்தது. நார்மல் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முந்தைய வருடமும் அதே டெஸ்ட்தான், அதே நார்மல்தான்.

சி.எஃப். உள்ளவர்களுக்கு ஹெச்பிஏ1சி ஏமாற்றும். ஆரம்பத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாகவே இருக்கும். சாப்பிட்ட ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் மட்டும் ஏறி, அப்புறம் தானாக இறங்கிவிடும். சராசரியில் அது காணாமல் போகிறது. சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிந்து புதிதாகிக்கொண்டிருந்தாலும் எண் குறைவாகக் காட்டும். 6.5-க்கு மேல் வந்தால் அதை நம்பலாம், நார்மல் வந்தால் நிம்மதியாக உட்காரக் கூடாது. 10 வயதிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டியது குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் டெஸ்ட். லேபில் ஜிடிடி அல்லது ஓஜிடிடி என்பார்கள். வேறொரு ஊர் டாக்டர் இதைச் சொன்னபோதுதான் எங்களுக்கே தெரியும்.

சரி, ஜிடிடிக்கு எப்படிப் போவது?

நாளைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிகிறது. பிள்ளை நன்றாக இருக்கும் நாளாக இருக்க வேண்டும். காய்ச்சல், புதிதாகச் சளி, ஊசி ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது போய்க்கொண்டிருந்தால் தள்ளிப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நோய்த்தொற்று நேரத்தில் யாருக்கும் சர்க்கரை ஏறலாம், அந்த எண்ணை வைத்து வருடக் கணக்கை எழுத முடியாது. முந்தைய மூன்று நாள் வழக்கம்போல் சோறு, இட்லி, சப்பாத்தி என்று நன்றாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். டெஸ்ட் வருகிறதே என்று பயந்து சோற்றைக் குறைத்தால் ரிசல்ட் தப்பாகும். முந்தின இரவு சாப்பிட்டு எட்டு மணி நேரமாவது வயிறு காலியாக இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம். நம் பிள்ளைகளுக்கு வியர்வையில் உப்பு போகும், சித்திரை மாதத்தில் தண்ணீரும் இல்லாமல் லேபில் உட்கார வைக்காதீர்கள்.

லேபுக்கு முந்தின நாளே போன் செய்து நான்கு கேள்வி கேளுங்கள். குளுக்கோஸ் பவுடர் அங்கேயே இருக்கிறதா? மூன்று தடவை, அதாவது வெறும் வயிற்றில், ஒரு மணி நேரத்தில், இரண்டு மணி நேரத்தில் ரத்தம் எடுப்பார்களா? சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் எடுப்பார்களா? அங்கேயே பார்ப்பார்களா, வேறு ஊருக்கு அனுப்புவார்களா? ரத்தத்தை எடுத்து வைத்த பிறகும் அதிலுள்ள செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாம்பல் மூடிக் குழாயில் இருக்கும் மருந்து அதைத் தடுக்கிறது. சாதாரணக் குழாயில் எடுத்து மத்தியானம் வரை வைத்திருந்தால் உண்மையைவிடக் குறைவாக வரும், நாமும் நார்மல் என்று நம்பிவிடுவோம்.

முதல் தடவை நாங்கள் போன லேபில் இருந்த தம்பி, "அம்மா, பையனை நாலு இட்லி சாப்பிட வெச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, அதுவும் ஒண்ணுதான்" என்றார். அது ஒன்று இல்லை. நாலு இட்லியில் எவ்வளவு மாவு என்று யாருக்கும் தெரியாது. அளந்து கொடுத்த குளுக்கோஸுக்குத்தான் அளவுகோல் இருக்கிறது. பேசாமல் திரும்பி வந்து அடுத்த வாரம் வேறு லேபுக்குப் போனோம். அங்கே 75 கிராம் பாக்கெட்டை அப்படியே கரைக்கப் போனார்கள். பெரியவர்களுக்கு அது சரி. பிள்ளைகளுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.75 கிராம், அதிகபட்சம் 75. என் மகனுக்கு 34 கிலோவுக்கு 59.5 கிராம். கைப்பையிலிருந்த துண்டுச் சீட்டில் பெருக்கிக் காட்டினேன். அந்தப் பெண் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, உள்ளே போய்ச் சின்னத் தராசு எடுத்து வந்தார். டாக்டர் சீட்டிலேயே கிராம் கணக்கை எழுதி வாங்கிப் போனால் இந்தப் பேச்சே வராது.

கரைசலை ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். திகட்டும். என் மகன் மூன்றாவது மடக்கில் கண்ணை மூடிக்கொண்டான். எலுமிச்சை வாசனையுள்ள பவுடர் இருந்தால் கேட்டு வாங்குங்கள், குளிர்ந்த தண்ணீரில் கரைக்கச் சொல்லுங்கள். வாந்தி எடுத்துவிட்டால் அன்று டெஸ்ட் போயிற்று, இன்னொரு நாள்தான். குடிக்கத் தொடங்கிய மணியை எழுதிக்கொள்ளுங்கள், இரண்டு மணி நேரம் அதிலிருந்துதான் எண்ண வேண்டும். நடுவில் கடைத்தெரு சுற்றவோ மாடிப்படி ஏறவோ கூடாது. நடந்தால் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வெறும் குளுக்கோஸுக்கு என்சைம் வேண்டியதில்லை. ஆனால் டெஸ்ட் முடிந்த கையோடு சாப்பாட்டு டப்பாவைத் திறப்பீர்கள் இல்லையா, அதற்கு வேண்டும். என்சைமை மறந்துவிட்டுப் போகாதீர்கள். இன்னொன்று, சில பிள்ளைகளுக்கு இன்சுலின் தாமதமாகச் சுரப்பதால் டெஸ்ட் முடிந்த பிறகு சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, எரிச்சல் வந்தால் அதுதான். சாப்பிட வைத்து, அரை மணி நேரம் உட்கார்ந்து, அப்புறம் பஸ் ஏறுங்கள்.

எண்களைப் படிப்பது இப்படி. இரண்டு மணி நேரத்தில் 140-க்குக் கீழே இருந்தால் நார்மல். 140 முதல் 199 வரை என்றால் தாங்கும் சக்தி குறைந்திருக்கிறது. 200 அல்லது அதற்கு மேல் என்றால் சி.எஃப். சர்க்கரை. வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டாலும் அதேதான். கடைசி எண் நார்மலாக இருந்து நடு எண், அதாவது ஒரு மணி நேரத்துக்கு உரியது, 200-ஐத் தாண்டினால் அதையும் டாக்டர் கண்ணில் படும்படி வையுங்கள், பின்னால் சர்க்கரை வரலாம் என்பதற்கு அது ஒரு அறிகுறி. என் மகனுக்கு 92, 238, 214. வெளிப்படையான அறிகுறி இல்லாதபோது ஒரே டெஸ்டை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். இன்னொரு நாள் திரும்ப எடுத்தோம், 209. மூன்று மாதச் சராசரி 5.5 சொன்ன அதே பையன்.

இன்சுலின் ஆரம்பித்தார்கள். சி.எஃப். சர்க்கரைக்கு மாத்திரை இல்லை, இன்சுலின்தான் மருந்து. நான் முதலில் அழுதேன். இன்சுலின் என்றால் சர்க்கரையை இறக்கும் ஊசி என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அது உடம்பைக் கட்டும் ஹார்மோனும் கூட. அது குறைந்தால் சாப்பிட்ட புரதம் தசையாகாமல் போகிறது, மூச்சு விடும் தசைகளும் சேர்ந்து மெலிகின்றன. சர்க்கரை என்று பெயர் வைப்பதற்குச் சில வருடம் முன்பே எடையும் மூச்சும் இறங்கத் தொடங்குவது இதனால்தான். ஊசி போட ஆரம்பித்து ஐந்தாவது மாதம் தையல்காரரிடம் போனேன்.

வீட்டில் ஒரு சண்டையும் நடந்தது. மாமனாருக்கு 15 வருடமாகச் சர்க்கரை. பேரனுக்கும் என்று கேள்விப்பட்டதும் அவர் தன் சாப்பாட்டு அட்டவணையைக் கொண்டு வந்து வைத்தார். கோதுமை ரவை, நெய் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, வாழைப்பழம் இல்லை. பாசத்தில் செய்ததுதான். ஆனால் சி.எஃப். பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குறைப்பது தீங்கு. நெய், முட்டை, தயிர், வேர்க்கடலை, சோறு எல்லாம் முன்பு போலவே, தேவைக்கு இன்சுலின். கலர் பானத்தையும் வெறும் சர்க்கரைத் தண்ணீரையும் மட்டும் குறைத்தோம். உப்பும் குறையக் கூடாது. டாக்டரே மாமனாரிடம் போனில், "ஐயா, உங்களுக்கு எடை குறையணும், பேரனுக்கு ஏறணும்" என்றார். அன்றோடு அட்டவணை அலமாரிக்குப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி ஆன்டிபயாடிக் போடும் நாட்களுக்குத் தனிக் கணக்கு. முதல் 48 மணி நேரம் வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள், அதுவரை சர்க்கரையே இல்லாத பிள்ளைக்கும்தான். நைட் டியூட்டி நர்ஸிடம் தயங்காமல் கேளுங்கள். நோட்டில் அந்த எண்களைச் சிவப்பு மையில் எழுதுவேன், நல்ல நாள் எண்களோடு கலக்காமல் இருக்க.

அடுத்தது கார்டிசால், உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன். இதைப் பற்றி யாரும் எங்களிடம் பேசவே இல்லை. சி.எஃப். நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு அலர்ஜி வந்தால் ஸ்டீராய்டும் இட்ராகோனசோல் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். என் மகன் ஏற்கெனவே புடசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரும் இழுத்துக்கொண்டிருந்தான். இட்ராகோனசோல் கல்லீரலில் அந்த ஸ்டீராய்டு கழிவதைத் தடுத்துவிடும். இழுக்கும் மருந்து கொஞ்சம்தானே என்று நினைக்கிறோம், உடம்பில் அது சேர்ந்துகொண்டே போகும். உடம்பு சொந்தமாக கார்டிசால் சுரப்பதை நிறுத்திவிடும். என் மகனுக்கு முகம் உருண்டையாகி, வயிற்றில் கோடு விழுந்து, சர்க்கரையும் எகிறியது. கன்னம் வைத்திருக்கிறான் என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். அவன் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தபோது கையும் காலும் குச்சியாகவே இருந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் திக்கென்றது.

இந்த டெஸ்டுக்கு நேரம்தான் உயிர். கார்டிசால் விடிகாலையில் உச்சத்தில் இருக்கும், சாயங்காலம் இறங்கிவிடும். காலை 8 மணி வாக்கில் எடுக்க வேண்டும். 11 மணிக்கு எடுத்த எண்ணை 8 மணி அளவுகோலில் வைத்துப் பார்த்தால் தப்பு. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சில மெஷின்களில் கார்டிசால் போலவே பதிவாகும், அதனால் அன்று காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடலாமா என்று முந்தின நாளே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். பல வாரம் ஸ்டீராய்டு போன உடம்பில் அதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சல், வாந்தி, ஆபரேஷன் நேரத்தில் கூடுதல் டோஸ் வேண்டுமா என்று எழுதி வாங்கி, அந்தச் சீட்டைப் பிள்ளையின் பையில் வையுங்கள்.

வைட்டமின் டி-யும் வேலையில் ஒரு ஹார்மோன்தான். இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் எப்படிக் குறையும் என்று கேட்பார்கள். கொழுப்பில் கரையும் சத்து அது, நம் பிள்ளைகளுக்குக் கொழுப்பு சரியாக உள்ளே போவதில்லை. லேப் சீட்டில் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி என்று இருக்க வேண்டும். 1,25 என்று தொடங்கும் இன்னொரு டெஸ்ட் இருக்கிறது, விலையும் கூட, சத்து சேமிப்பைச் சொல்லாது. 30-க்கு மேல் இருப்பதுதான் இலக்கு. டாக்டர் எழுதிக் கொடுக்கும் பாக்கெட்டை வெறும் தண்ணீரில் கலக்காமல், நல்ல கொழுப்புள்ள பாலோடு, என்சைமும் சேர்த்துக் கொடுங்கள். இதை மாற்றிய பிறகுதான் எங்களுக்கு 17-இலிருந்து 33-க்கு வந்தது. மருந்தின் அளவை மாற்றினால் மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

பருவம் வருவதைப் பற்றி எழுதக் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். எடை போதாத பிள்ளைகளுக்குப் பருவம் தள்ளிப் போகும். ஆண் பிள்ளைக்கு 14 வயது ஆகியும், பெண் பிள்ளைக்கு 13 வயது ஆகியும் எந்த மாற்றமும் தொடங்கவில்லை என்றால் ஹார்மோன் டாக்டரைப் பாருங்கள். 15 வயதாகியும் வயதுக்கு வராத பெண்ணையும் காட்டுங்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்கு டெஸ்ட் காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில், உடம்பு நன்றாக இருக்கும் நாளில். குறைவாக வந்தால் இன்னொரு காலை திரும்ப எடுக்காமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம். காய்ச்சலும் ஸ்டீராய்டும் அதை இறக்கிவிடும்.

இதோடு சேர்த்துப் பையன்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் உண்டு. சி.எஃப். உள்ள ஆண்களில் 100-க்கு 97, 98 பேருக்கு விந்தைக் கொண்டு வரும் குழாய் பிறவியிலேயே இருக்காது. அதற்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் சம்பந்தமில்லை. மீசை, குரல், ஆண்மை எல்லாம் மற்றவர்கள் போலத்தான். விதைப்பையில் உயிரணுவும் உற்பத்தியாகும், பிள்ளை வேண்டும் என்கிற காலத்தில் அதை எடுத்துச் சோதனைக்குழாய் முறையில் முயல வழி இருக்கிறது. என் மகனுக்கு 15 வயதில் அவன் அப்பாவும் டாக்டரும் சேர்ந்து சொன்னார்கள். நான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவன், "இதைத்தான் இத்தனை நாள் சொல்லாம வெச்சிருந்தீங்களா?" என்றான். இணையத்தில் ஏற்கெனவே படித்திருக்கிறான், அரைகுறையாக. ஒரு வருடம் தனியாகவே சுமந்திருக்கிறான். உங்கள் பையனுக்குச் சீக்கிரமே சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் நோட்டில் இன்னொரு கட்டம் சேர்க்க வேண்டும்: மாதவிலக்கின் முதல் நாள். மாதவிலக்கு முடிந்து பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ஏறும் நாட்களில் நுரையீரல் தொற்று அதிகம் கிளம்புகிறது என்று 2012-இல் வெளிவந்த ஒரு ஆய்வு காட்டியது. சூடோமோனாஸ் கிருமி கெட்டிப் போர்வை போர்த்திக்கொள்ள அந்த ஹார்மோன் உதவுவதும் அதில் இருந்தது. வேலூரில் கிளினிக் வாசலில் பழக்கமான ஒரு அக்கா, தன் மகளுக்குச் சளி கூடும் தேதிகளை ஆறு மாதம் குறித்து வைத்துக் காட்டினார், டாக்டர் அந்த நாட்களில் சளியை வெளியேற்றும் பிசியோ பயிற்சியைக் கூட்டிக் கொடுத்தார். பெண் ஹார்மோன் டெஸ்ட்டுகளின் அளவுகோல் மாதவிலக்கின் நாளைப் பொறுத்து மாறும். எஃப்.எஸ்.ஹெச்., ஈஸ்ட்ரடயால் இரண்டையும் பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் கேட்பார்கள். நாளைக் குறிக்காத ரிப்போர்ட்டால் பயனில்லை.

தைராய்டுக்கு அதிகம் சொல்ல இல்லை, டாக்டர் கேட்டால் எடுங்கள், காய்ச்சல் நாளில் வேண்டாம். முடி வளர என்று விற்கும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிற பிள்ளையாக இருந்தால் லேபில் சொல்லுங்கள். தைராய்டு, கார்டிசால், டெஸ்டோஸ்டிரோன் என்று பல டெஸ்ட்டுகளை அது குழப்பும். இரண்டு நாளாவது முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

கிளினிக்குக்குப் போகும் முந்தின இரவு நோட்டின் கடைசி ஆறு மாதத்தை ஒரே தாளில் எடுத்து எழுதுவேன். மேலே எடையும் உயரமும், கீழே எண்கள், பக்கத்தில் ஐந்து கட்டங்கள். டாக்டருக்கு நமக்கென்று கிடைப்பது சில நிமிடம்தான், கற்றையாக ரிப்போர்ட்டைக் கொடுத்தால் அதைப் புரட்டுவதிலேயே அந்த நேரம் போய்விடும்.

போன மாதம் ஜிடிடிக்கு அவனே தனியாகப் போனான். எடை 51 கிலோ, இப்போது முழு 75 கிராம். இன்சுலின் போடுகிறவனுக்கு இந்த டெஸ்ட் எதற்கு என்று லேபில் கேட்டார்களாம். அவனும் டாக்டருக்குப் போன் செய்து கேட்டிருக்கிறான். சி.எஃப். சர்க்கரை என்று உறுதியானவனுக்கு வருடா வருடம் ஜிடிடி வேண்டியதில்லை என்று அவர் சொல்ல, ரத்தம் கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டான். பழக்கத்தில் தேதி குறித்து அனுப்பியது நான். நோட்டில் அந்த வரியை அவன் கையாலேயே அடித்து, பக்கத்தில் எழுதியிருக்கிறான்: "காலை 7:40. தேவையில்லை. இதற்குப் பதில் வீட்டில் குளுக்கோமீட்டர், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து."